தாய்லாந்துப் புட்டியிலிருந்து நீல வெள்ளிக் கேன் வரை: ரெட் புல் பானத்தின் எழுச்சி குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

ரெட் புல் என்ற ஊக்க பானம் 1987ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி ஆஸ்திரியாவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 1,267 கோடி கேன்களை விற்றிருக்கிறது. அவ்வாண்டின் வருவாய் 1,100 கோடி யூரோவைத் தாண்டியது. ஒரே பானம், அதிகம் மாறாத ஒரே கலவை, அளவில் சிறிய ஒரு கேன் ஆகியவற்றைக் கொண்டு இவ்வளவு தொலைவு எப்படி வர முடிந்தது என்பதையும், வரும் வழியில் எவை கூடவே வந்தன, எது பின்தங்கிவிட்டது என்பதையும் பதிவு செய்வது இந்த ஆய்வின் நோக்கம். நிறுவனர் இருவரும் பொதுப் பதிவில் இடம்பெற்றவர்கள் ஆதலால் அவர்கள் பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். மற்றவர்கள் அனைவரும் அவரவர் செய்த பணியைக் கொண்டு மட்டுமே சுட்டப்படுகின்றனர்.

பின்னணி: உழைப்பாளிகளின் புட்டி

இந்தப் பானத்தின் வேர் ஆஸ்திரியாவில் இல்லை. தாய்லாந்தின் பிச்சித் மாகாணத்தில், சீனாவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த சலியோ யூவித்யா, பாங்காக்குக்கு வந்து அண்ணனின் மருந்துக் கடையில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர். மருந்து விற்பனையில் அனுபவம் பெற்றபின் 1956ல் டி.சி. என்ற பெயரில் சொந்த நிறுவனம் தொடங்கினார். அடுத்து வந்த ஆண்டுகளில் தாய்லாந்துச் சந்தையில் ஜப்பானிய ஊக்க மருந்துப் பானங்களே முன்னணியில் இருந்தன. அவற்றுள் புகழ்பெற்றது தைஷோ மருந்து நிறுவனம் 1962ல் வெளியிட்ட லிப்போவிட்டான் டி. நூறு மில்லி கொள்ளும் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி, அதனுள் நம் உடலிலும் இயல்பாக உள்ள டாரின் என்ற வேதிப்பொருள் ஆயிரம் மில்லிகிராம், சில பி வைட்டமின்கள், கொஞ்சம் காஃபின் என்பதே அதன் அமைப்பு. அதை யாரும் குளிர்பானமாகக் கருதவில்லை. மருந்துக் கடையில் வாங்கி நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் புட்டியைத் திருப்பிக் கொடுக்கும் பொருளாகவே அது வழக்கத்தில் இருந்தது.

1970களின் நடுவில் சலியோ தம் சொந்தக் கலவையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெயர் கிராத்திங் தேங். தாய் மொழியில் கிராத்திங் என்பது தமிழில் கடமா என்றும் காட்டெருமை என்றும் வழங்கும் அதே பெருவிலங்கு. தேங் என்றால் சிவப்பு. மஞ்சள் சூரிய வட்டத்தின் முன்னே இரண்டு சிவந்த கடமாக்கள் தலை தாழ்த்தி முட்டிக்கொள்ள நிற்கும் படம் அதன் அடையாளம். பானத்தில் வாயுக் குமிழிகள் கிடையாது. மருந்துக் கஷாயத்தை நினைவூட்டும் அடர்த்தியும் மிகுந்த இனிப்பும் உண்டு. இரவு முழுக்க வண்டி ஓட்டும் லாரி ஓட்டுநர்கள், கட்டுமானக் கூலிகள், ஆலைகளில் இரவுப் பணி பார்த்தவர்கள், வயலில் நின்றவர்கள் ஆகியோரே அதன் வாடிக்கையாளர்கள். தாய்லாந்துக் குத்துச்சண்டைப் போட்டிகளுக்கு ஆதரவளித்து அந்த உழைக்கும் மக்களிடமே விளம்பரமும் செய்யப்பட்டது.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரெட் புல்லின் வரலாற்றை எழுதுபவர்களில் பலர் ஐரோப்பியப் பயணி ஒருவர் கீழைநாட்டில் ஒரு விந்தையைக் ‘கண்டெடுத்தார்’ என்றே கதையைத் தொடங்குகிறார்கள். அவர் வருவதற்கு முன்பே பொருளும், பெயரும், அடையாளப் படமும், வாடிக்கையாளரும், விளையாட்டைப் பிடித்து விளம்பரம் செய்யும் முறையும் அங்கு முழுமையாக இருந்தன. சலியோவின் பங்கைக் குறைத்துச் சொல்லும் எந்தப் பதிவும் பிழையான பதிவு என்றே நான் கருதுகிறேன்.

1982: கவனித்தவை

டீட்ரிஷ் மாட்டெஷிட்ஸ் ஆஸ்திரியாவின் ஸ்டீரியா மாநிலத்தில் 1944ல் பிறந்தவர். வியன்னாவில் வணிகக் கல்வி முடிக்கப் பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டார். பின்னர் பிளெண்டாக்ஸ் என்ற ஜெர்மானியப் பற்பசை நிறுவனத்தில் பன்னாட்டு விற்பனைப் பிரிவின் தலைமைக்கு உயர்ந்தார். வேலை நிமித்தம் ஆசிய நாடுகளுக்கு அடிக்கடி பயணம் செய்தார். சலியோவின் நிறுவனம் பிளெண்டாக்ஸின் தாய்லாந்துப் பங்காளியாக இருந்ததால் இருவருக்கும் தொடர்பு ஏற்பட்டது.

அவர் கவனித்தவை இரண்டு. நீண்ட விமானப் பயணத்தின் களைப்பும் நேர மாற்றத்தின் மந்தமும் அந்தச் சிறு புட்டியைக் குடித்ததும் தணிந்ததைத் தம் உடம்பிலேயே உணர்ந்தார் என்பது ஒன்று. மற்றது, 1982ல் ஹாங்காங் விடுதியொன்றில் அமர்ந்து வார இதழைப் புரட்டியபோது, ஜப்பானில் மிக அதிக வரி செலுத்திய நிறுவனங்களின் வரிசையில் லிப்போவிட்டானைத் தயாரிக்கும் தைஷோவின் பெயரைக் கண்டது. வாகன நிறுவனமோ மின்னணு நிறுவனமோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு புட்டிப் பானத்தைத் தயாரிப்பவர் இருந்தார்.

முதல் கவனிப்பு அந்த வழியாகப் பயணம் செய்த எத்தனையோ பேருக்கு ஏற்பட்டிருக்கும். இரண்டாவதுதான் அதற்கு எடை சேர்த்தது. உடம்பு சொன்னதை ஒரு கணக்கு உறுதிப்படுத்தியது. இந்த வகைப் பானம் ஒரு பெரிய நாட்டில் ஏற்கெனவே பெரும் பணம் ஈட்டியிருக்கிறது; ஐரோப்பாவில் அப்படி ஒரு வகையே கிடையாது. அந்த இடைவெளியைத்தான் அவர் கண்டார்.

1984: கூட்டு ஒப்பந்தம்

இருவரும் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் முதலிட்டு 1984ல் ரெட் புல் நிறுவனத்தைத் தொடங்கினர். பங்குகளில் 49 விழுக்காடு சலியோவுக்கு, 49 விழுக்காடு மாட்டெஷிட்ஸுக்கு, எஞ்சிய 2 விழுக்காடு சலியோவின் மகனுக்கு என்று பிரிக்கப்பட்டது. அதாவது பெரும்பான்மை உரிமை தாய்லாந்துக் குடும்பத்திடமும், அன்றாட நிர்வாகம் ஆஸ்திரியரிடமும் இருந்தன.

இந்த ஏற்பாடு பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் இந்நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே நீண்ட நாள் தாங்கியது இதுதான் என்று கூற முடியும். கலவையை ஒரு தொகைக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தால் அதை உருவாக்கியவருக்கு அதன்பின் எந்தப் பங்கும் இருந்திருக்காது. உரிமம் மட்டும் பெற்றிருந்தால் சந்தை வளர்ந்தபின் உரிமத்தொகை குறித்த சண்டை வந்திருக்கும். உரிமம் வழியாக நடந்த இடத்தில் அத்தகைய சண்டை வந்ததும் உண்மை: சீனாவில் 1990களின் நடுவிலிருந்து ரெட் புல் பெயரில் விற்றுவந்த கூட்டாளி நிறுவனத்துக்கும் தாய்லாந்து நிறுவனத்துக்கும் இடையே 2016ல் தொடங்கிய உரிம வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. ஆஸ்திரிய நிறுவனத்தில் இருவருக்கும் ஒரே அளவு இழப்பும் ஒரே அளவு ஆதாயமும் என்று ஆனதால் அப்படி நேரவில்லை.

மூன்றாண்டுத் தயாரிப்பும் சாதகமில்லாத சோதனையும்

நிறுவனம் தொடங்கியதற்கும் முதல் கேன் விற்பனைக்கும் இடையே மூன்றாண்டுகள் கழிந்தன. இந்தக் காலத்தில் எடுத்த முடிவுகளே பானத்தின் இன்றைய வடிவத்தைத் தீர்மானித்தன.

முதலாவதாக, கலவை ஐரோப்பிய நாவுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. வாயு ஏற்றப்பட்டது; இனிப்பு குறைக்கப்பட்டது; காஃபின், டாரின், பி வைட்டமின்கள், சர்க்கரை என்ற அடிப்படை அப்படியே நின்றது. இன்று 250 மில்லி கேனில் 80 மில்லிகிராம் காஃபினும் 1,000 மில்லிகிராம் டாரினும் ஏறத்தாழ 27 கிராம் சர்க்கரையும் இருக்கின்றன. டாரின் என்ற பெயரை 1827ல் காளையின் பித்தநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்த ஜெர்மானிய அறிவியலாளர்களின் வேலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். லத்தீன் மொழியில் காளைக்கு வழங்கும் சொல்லே அதன் மூலம். பானத்தில் சேர்க்கப்படும் டாரின் ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. காளையின் விதையிலிருந்து எடுக்கிறார்கள் என்ற வதந்தி பிற்காலத்தில் பல நாடுகளில் பரவியபோது, இந்தப் பெயர்த் தொடர்பும் கேனின் மேலுள்ள படமும் அதற்குத் தீனி போட்டன.

அடுத்தது கேன். ஐரோப்பாவில் அந்நாளில் வழக்கமாயிருந்த 330 மில்லி கேனைவிடச் சிறிய, ஒல்லியான, நீலமும் வெள்ளியும் சாய்சதுரங்களாகப் பிரிந்த ஒரு கேன் தேர்ந்தெடுக்கப்பட்டது. கையில் எடுத்தால் விரல்கள் சுற்றி வளைத்து மறுபுறம் தொட்டுவிடும். தண்ணீர் தாகத்துக்கு இது போதாது என்று கை முதலில் உணரும். அந்தப் போதாமைதான் நோக்கம். தாகத்துக்குக் குடிக்கும் பொருளோடு இதை ஒப்பிட வேண்டாம் என்று அதன் உருவமே வாங்குபவருக்குச் சொன்னது. பாங்காக் புட்டியிலிருந்த இரு கடமாக்களும் மஞ்சள் வட்டமும் அப்படியே புதிய கேனுக்கு வந்தன.

விளம்பர வாசகத்துக்காக மாட்டெஷிட்ஸ் தம் கல்லூரி நண்பரும் பிராங்க்பர்ட் நகரில் விளம்பர முகமை நடத்தியவருமான ஒருவரை நாடினார். பல வரிகள் எழுதப்பட்டுத் தள்ளப்பட்டன. கடைசியில் நண்பருக்கு நள்ளிரவில் தோன்றிய ‘ரெட் புல் சிறகு தரும்’ என்ற வரி நிலைத்தது.

இவையெல்லாம் கூடிவந்தபின் சந்தை ஆய்வு நிறுவனமொன்றிடம் பானம் சோதனைக்குத் தரப்பட்டது. முடிவு படுமோசம். நிறம் பசியைக் கெடுப்பதாகவும், வாயில் பிசுபிசுப்பதாகவும், சுவை அருவருப்பூட்டுவதாகவும், மனத்தையும் உடலையும் தூண்டும் என்ற செய்தி யாருக்கும் பொருட்டாகப் படவில்லை என்றும் குடித்துப் பார்த்தவர்கள் கூறினர்.

அந்த முடிவை மீறி மாட்டெஷிட்ஸ் முன்னேறினார் என்பதை அவருடைய பிடிவாதத்தின் சான்றாகப் பலர் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. சோதனையில் கலந்துகொண்டவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அதைக் குளிர்பானத்தின் அளவுகோலால் அளந்தார்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும் இரவு இரண்டு மணிக்கு, நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவர்கள் அதைக் குடிக்கவில்லை. பகலில், நல்ல தெளிவோடு, சுவையைப் பற்றி மட்டும் கேட்கப்பட்டார்கள். இருமல் மருந்தை இப்படிச் சோதித்தாலும் யாரும் நல்ல மதிப்பெண் தர மாட்டார்கள். கேட்ட கேள்வி பொருந்தவில்லை என்றால் கிடைத்த விடையைத் தள்ளலாம். ஆனால் அப்படித் தள்ளுவதற்கு, தாய்லாந்தில் பல்லாயிரம் ஓட்டுநர்கள் அன்றாடம் காசு கொடுத்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்ற சான்று கையில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அச்சான்று இல்லாமல் மோசமான சோதனை முடிவை ஒதுக்குபவர்களுக்கு இந்நிகழ்வு துணை நிற்காது.

விற்பனை முறை

விலை விஷயத்தில் எடுத்த முடிவு துணிச்சலானது. இதைவிடப் பெரிய கோலா கேனின் விலையைவிடப் பல மடங்கு அதிகமாக இது விற்கப்பட்டது. விலையைக் குறைத்தால் கோலாவோடு மோத வேண்டியிருக்கும். அதிக விலை வைத்தால் அலமாரியில் வேறு வரிசைக்குப் போய்விடலாம். தாய்லாந்தில் கூலித் தொழிலாளிக்கு எட்டும் விலையில் இருந்த பொருள் ஐரோப்பாவில் வசதி படைத்த இளைஞர்களின் பொருளானது இங்குதான். யாருடைய களைப்புக்காகப் பானம் உருவானதோ அவர்கள் இந்தக் கட்டத்தில் படத்திலிருந்து விலகுகிறார்கள். இரவு விடுதிக்குச் செல்பவரும், தேர்வுக்குப் படிக்கும் மாணவரும், பனிச்சறுக்கு வீரரும் அவர்களின் இடத்துக்கு வருகிறார்கள்.

விளம்பரம் பெருமளவில் வாய்மொழியைச் சார்ந்தே அமைந்தது. ஒரு நகரத்தில் இளைஞர்கள் கூடும் சில விடுதிகளுக்கு மட்டும் முதலில் சரக்கு கொடுப்பது, பல்கலைக்கழக மாணவர்களையே பிரதிநிதிகளாக அமர்த்துவது, பின்புறம் பெரிய கேன் பொருத்திய சிறு கார்களில் இளைஞர் குழுக்களை அனுப்பித் தேர்வுக் காலத்திலும் நீண்ட பயணப் பாதைகளிலும் களைத்தவர்களுக்குக் குளிர்ந்த கேனை இலவசமாகக் கொடுப்பது என்ற முறை நாளடைவில் உருவாயிற்று. முதல் கேன் இலவசமாக வருகிறது. அதுவும் தேவை இருக்கும் வேளையில் வருகிறது. சந்தை ஆய்வு தவறவிட்ட வேளை அதுவே.

பானத்தை நிறுவனம் சொந்த ஆலை கட்டித் தயாரிக்கவில்லை. ஆஸ்திரியாவின் போரால்பெர்க் பகுதியைச் சேர்ந்த பழச்சாறு நிறுவனமொன்று நீண்ட காலமாக நிரப்பித் தருகிறது. பணமும் கவனமும் விளம்பரத்துக்கே சென்றன.

எல்லை தாண்டல்

1992ல் ஹங்கேரி ஐரோப்பாவில் அடுத்த சந்தையானது. ஜெர்மனியில் உணவுச் சட்ட அனுமதி கிடைக்காமல் இழுத்தது. ஆஸ்திரிய எல்லைக்கு மிக அருகில் இருந்த முனிச் நகர இளைஞர்கள் எல்லை கடந்து வாங்கி வந்து விடுதிகளில் பகிர்ந்துகொண்டார்கள். தடை செய்யப்பட்ட பொருள் என்பதால் அதற்கு ஏதோ பெரிய சக்தி இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 1994ல் அனுமதி வந்தபோது விளம்பரமே இல்லாமல் வாடிக்கையாளர் காத்திருந்தனர்.

பிரிட்டனில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கு 1990களின் நடுவில் பொறுப்பேற்ற மேலாளர்கள், உள்ளூர்ச் சந்தை வேறு என்று கருதி, விளையாட்டு வீரர்களுக்கான பானம் என்று பெயரிட்டு, பெரிய கடைத் தொடர்கள் வழியாகவும் விளம்பரப் பலகைகள் வழியாகவும் விற்க முயன்றனர். பெருந்தொகை இழப்பு ஏற்பட்டது. மேலாளர்கள் மாற்றப்பட்டனர், விடுதிகள், மாணவர்கள், வாய்மொழி என்ற பழைய முறைக்குத் திரும்பியபின் விற்பனை எழுந்தது. சில ஆண்டுகளில் பிரிட்டன் அவர்களின் முக்கியச் சந்தைகளுள் ஒன்றானது. பானமும் கேனும் அவையேதான்; யார், எப்போது, எங்கே முதன்முதலாகக் குடிக்கிறார் என்பது மட்டும் மாறியது.

அமெரிக்காவில் 1997ல் கலிபோர்னியாவிலிருந்து தொடங்கினர். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இறங்காமல் பகுதி பகுதியாக, ஒவ்வொரு பகுதியிலும் சில விடுதிகளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தனர். அவர்களின் வெற்றியைப் பார்த்து, இரு மடங்கு அளவுள்ள கேனோடு ராக்ஸ்டார் 2001லும் மான்ஸ்டர் 2002லும் வந்தன. பெரிய குளிர்பான நிறுவனங்கள் தாமே புதிதாக ஒன்றை உருவாக்கி வெல்ல முடியாமல் பின்னாளில் பங்கு வாங்கியே உள்ளே வந்தன. கோக கோலா 2015ல் மான்ஸ்டரில் பங்கு எடுத்தது, பெப்சிகோ 2020ல் ராக்ஸ்டாரை 385 கோடி டாலருக்கு வாங்கியது.

விளையாட்டு: ஆதரவாளரிலிருந்து உரிமையாளர்

தொடக்கத்தில் மற்ற நிறுவனங்களைப் போல் ரெட் புல்லும் வீரர்களுக்குப் பணம் கொடுத்தது. ஆஸ்திரியக் கார் பந்தய வீரர் ஒருவர் 1980களின் இறுதியிலேயே அதன் கேனோடு தோன்றினார். 1990களின் தொடக்கத்தில் வியன்னாவில், வீட்டில் செய்த பறக்கும் கருவிகளோடு மேடையிலிருந்து தண்ணீருக்குள் குதிக்கும் வேடிக்கைப் போட்டியை நடத்தினார்கள். சிறகு தரும் என்ற வரி அங்கு கண் முன்னே நடந்தது. பிறகு போக்கு மாறியது. 2004 இறுதியில் ஜாகுவார் ஃபார்முலா ஒன் அணியை வாங்கி 2005 முதல் சொந்தப் பெயரில் களமிறக்கினார்கள். அந்த அணி 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு முறை அணிகளுக்கான பட்டத்தை வென்றது. 2007ல் தனி ஊடக நிறுவனம் தொடங்கப்பட்டது. 2012 அக்டோபர் 14 அன்று நியூ மெக்சிகோவின் மேலே ஏறத்தாழ 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஆஸ்திரிய வீரர் பெலிக்ஸ் பவும்கார்ட்னர் குதித்து ஒலியின் வேகத்தைத் தாண்டியதை இணையத்தில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தனர்.

வாங்கும் வழியில் ஒரு காயமும் ஏற்பட்டது. 2005ல் சால்ஸ்பர்க் நகரின் கால்பந்துக் கழகம் வாங்கப்பட்டதும், தலைமுறைகளாக அதன் அடையாளமாக இருந்த ஊதா வெள்ளை நிறம் நீக்கப்பட்டுச் சிவப்பு வெள்ளை வந்தது, பெயரும் மாறியது. பழைய ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி, பழைய பெயரிலும் நிறத்திலும் புதுக் கழகம் ஒன்றைக் கீழ்நிலைப் பிரிவிலிருந்து தொடங்கினார்கள். சோதனை முடிவைத் தள்ளிய அதே உறுதி இங்கும் வேலை செய்தது. ஆனால் இங்கு எதிர்த்தவர்கள் அந்நியர்கள் அல்லர், அந்தக் கழகத்தை அதுவரை சுமந்தவர்கள்.

உடல்நலம் குறித்த கேள்வி

இந்நிகழ்வில் மிகவும் கவலையோடு அணுக வேண்டிய பகுதி இது. பிரான்சு பல ஆண்டுகள் டாரின் கலந்த வடிவத்தை அனுமதிக்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2004ல் இதுகுறித்த வழக்கில் ரெட் புல் தொடர்பாகப் பிரான்சின் உடல்நல அக்கறையை ஏற்றுக்கொண்டது. 2008ல் பிரான்சும் அதையடுத்து டென்மார்க், நார்வே நாடுகளும் அனுமதித்தன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009ல் வெளியிட்ட கருத்தில், ஊக்க பானங்களில் உள்ள அளவு டாரின் கவலைக்குரியதன்று என்றது. ஆகவே இன்று பேச்சு டாரினைப் பற்றியதன்று. காஃபினையும் சர்க்கரையையும் பற்றியது.

நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது தன் ஏற்பிகளில் சென்று அமரும்போது உறக்கம் வருகிறது. காஃபின் அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. களைப்பு கரைவதில்லை, களைப்பின் செய்தி தடுக்கப்படுகிறது. காஃபினின் அளவு உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அந்த அடைப்பு விலகும்போது சேர்ந்திருந்த உறக்கக் கடன் முழுதாக வந்து நிற்கும். தாய்லாந்து லாரி ஓட்டுநருக்கு இது ஒரு பொருளில் உயிர் காத்திருக்கலாம். மறுபொருளில் ஓய்வெடுக்க வேண்டியவரைச் சாலையிலேயே நிறுத்தியிருக்கலாம்.

ஒரு கேனில் உள்ள 80 மில்லிகிராம், ஒரு கோப்பைக் காபியில் உள்ளதற்கு நெருக்கமான அளவே. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை கவலையில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015ஆம் ஆண்டுக் கருத்து. இங்கு நின்றுவிட்டால் அச்சத்துக்கு இடமில்லை என்றே தோன்றும். ஆனால் அதே கருத்தில் சிறுவர்களுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவு சொல்லப்பட்டிருக்கிறது. முப்பது கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அது 90 மில்லிகிராம்; ஒரே கேன் ஏறக்குறைய அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. காபியைச் சூடாக, கசப்போடு, மெதுவாகவே குடிக்க முடியும். இதைக் குளிர்ச்சியாக, இனிப்பாக, ஒரே மூச்சில் குடித்துவிடலாம். சர்க்கரையிலும் இதே கதை: ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சேர்ப்புச் சர்க்கரை இருப்பது நல்லது என்று உலக நலவாழ்வு நிறுவனம் சொல்லும் அளவை ஒரு கேன் தனியாகவே தாண்டுகிறது. மதுவோடு கலந்து குடிக்கும் வழக்கம் இன்னும் ஆபத்தானது. போதை ஏறியதை உடல் உணர்த்துவதைக் காஃபின் மறைத்துவிடுவதால் குடிப்பவர் தம் நிலையைக் குறைத்து மதிப்பிடுகிறார்.

விளம்பர வாசகமும் கேள்விக்குள்ளானது. சாதாரணக் காபியைவிடக் கூடுதலான ஊக்கம் தருவதாக விளம்பரங்கள் நம்பவைத்தன என்று அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், 2014ல் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 1.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. லிதுவேனியா 2014லும் போலந்து 2024 தொடக்கத்திலும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு ஊக்க பானம் விற்பதைத் தடை செய்தன.

விளைவு

சலியோ 2012 மார்ச் மாதத்திலும் மாட்டெஷிட்ஸ் 2022 அக்டோபரிலும் காலமானார்கள். 51 விழுக்காடு தாய்லாந்துக் குடும்பத்திடமும் 49 விழுக்காடு மாட்டெஷிட்ஸின் மகனிடமும் இருக்கின்றன. 1984ல் போட்ட பிரிவினை அடுத்த தலைமுறையிலும் குலையவில்லை. நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் சால்ஸ்பர்க் அருகில் ஏரிக்கரைச் சிற்றூரில் இருக்கிறது. தாய்லாந்திலோ நீண்ட காலமாகவே எம்-150 என்ற போட்டிப் பானம் கிராத்திங் தேங்கை முந்தி நின்றது. உலகை வென்ற பானத்தின் மூலத்துக்குத் தன் ஊரில் முதலிடம் இல்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே சூழல் இன்று வேறொருவருக்கு அமைந்தால், கூட்டு ஒப்பந்தத்தையும் பகுதி பகுதியாக நகரும் முறையையும் அப்படியே பின்பற்றலாம். பிரிட்டனில் நடந்ததைப் போல் முதல் அனுபவம் நிகழும் இடத்தை மாற்றும் முடிவுகளை, பொருளையே மாற்றும் முடிவுகளுக்குச் சமமாக எடை போட வேண்டும். ஊர்க் கழகம் ஒன்றை வாங்குபவர், அதன் நிறமும் பெயரும் தாம் விலை கொடுத்து வாங்கிய பொருள்களின் பட்டியலில் இல்லை என்று முதலிலேயே எழுதிவைப்பது நல்லது.

எனினும் முதலாவதாக மாற்ற வேண்டியது கேனின் மேலுள்ள எழுத்து. தாய்லாந்துச் சட்டப்படி ஒரு புட்டியில் காஃபின் 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அங்கு விற்கும் ஊக்க பானப் புட்டிகளில், ஒரு நாளைக்கு இரண்டு புட்டிக்கு மேல் குடிக்கக் கூடாது, குடித்தால் நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடிக்கக் கூடாது என்று கூலித் தொழிலாளிக்கும் விளங்கும் மொழியில் அச்சிட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் கட்டாயமான வாசகம், காஃபின் மிகுந்தது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதோடும் நூறு மில்லியில் எவ்வளவு காஃபின் என்ற அளவோடும் நிற்கிறது. எத்தனை கேன் வரை என்ற எண் அதில் இல்லை, குடித்தால் உடலில் என்ன ஆகும் என்பதும் இல்லை. பாங்காக் புட்டியிலிருந்து இரு கடமாக்களும் மஞ்சள் வட்டமும் ஐரோப்பியக் கேனுக்கு வந்தன. அந்த இரண்டு வரி எச்சரிக்கையும், எண்ணோடும் காரணத்தோடும், அவற்றின் பக்கத்திலேயே அச்சிடப்பட வேண்டும்.